இறந்துபோனதாக ஒரு பதிவு

"நான் செத்துப்போயிட்டதா எழுதி வச்சிருக்காகம்மா."

குன்றேறி வந்த மூச்சு அடங்குமுன்பே சொன்னார் சங்கரபாண்டி.

சுந்தரத்தம்மாள் குடிசைக் கூரையில் ஓலை மாற்றிக்கொண்டிருந்தார். குன்றின் மேல் தனியாக வாழும் துறவி. சங்கரபாண்டியைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவருக்கு இவர்தான் குரு.

"எதுல எழுதியிருக்கு?"

"வங்கியில எடுத்துப் பாக்குற கடன் அறிக்கையில. மோட்டாருக்குக் காயில் கட்டுற பட்டறை என்னுது. ஒரு மிஷின் வாங்கலாம்னு கடன் கேட்டுப் போனேன். இந்த ஆளு இறந்துட்டாரேன்னு சொல்றாக."

"இறந்தது யாரு?"

"எங்க அண்ணன் சங்கரலிங்கம். மூணு வருஷமாச்சு. நாங்க இரட்டைப்பிள்ளைக. பிறந்த தேதி ஒண்ணு, அப்பா பேரு ஒண்ணு, பழைய விலாசமும் ஒண்ணு. அவன் கணக்கை முடிக்கும்போது என் கணக்கையும் சேத்து முடிச்சுட்டாக."

"திருத்த முடியாதா?"

"முடியும். அறிக்கை தயாரிக்கிற கம்பெனிக்கு அவனோட இறப்புச் சான்றிதழை வச்சு ஆட்சேபம் அனுப்பணும்."

"சான்றிதழ் யார்கிட்ட இருக்கு?"

சங்கரபாண்டி தரையைப் பார்த்தார்.

"மதினிகிட்ட. ஆனா நகராட்சியில கேட்டா நகல் குடுப்பாக."

"அப்ப நகராட்சிக்குப் போங்க."

சுந்தரத்தம்மாள் அடுத்த ஓலையை எடுத்தார். சங்கரபாண்டி இறங்கிப் போனார்.

நகல் வாங்கினார். ஆட்சேபம் அனுப்பினார். விவரம் சரியாகத்தான் இருக்கிறதென்று வங்கி சொல்வதாகப் பதில் வந்தது.

வங்கிக்கே போய் மேலாளர் முன்னால் நின்றார்.

"இதுல செத்ததாப் போட்டிருக்கிற ஆளு நான்தான் சார்."

மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது கூட வந்திருக்காங்களா?"

"இல்ல சார்."

மேலாளர் கையெழுத்தை ஒப்பிட்டார். கைரேகையை ஒப்பிட்டார். பழைய காகிதங்களை வரவழைத்துப் பார்த்தார். கடைசியில் திருத்தி அனுப்பினார்.

மழைக்காலம் தொடங்கியபோது புதிய அறிக்கை வந்தது. அதில் சங்கரபாண்டி உயிரோடு இருந்தார்.

அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குன்றேறினார்.

"திருத்திட்டாகம்மா."

"நல்லது. யார்கிட்டயெல்லாம் சொன்னீங்க?"

"உங்ககிட்டதான்."

"வேற?"

பட்டறையில் அவர் ஒருவர்தான். வீட்டிலும் அவர் ஒருவர்தான்.

"வேற யாரும்மா இருக்கா?"

"மதினி?"

தூறல் விழுந்தது. இருவரும் நனைந்தபடி நின்றார்கள்.

"அண்ணன் காரியமெல்லாம் முடிஞ்ச பிறகு ஒருநாள் மதினியைப் பாக்கப் போனேன்," என்றார் சங்கரபாண்டி. "கதவைத் திறந்தாக. என் முகத்தைப் பாத்ததும் வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாக. அண்ணனே வந்து நிக்கிற மாதிரி இருந்திருக்கும். அந்த வேதனை அவுகளுக்கு வேண்டாம்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் அந்தத் தெருப்பக்கமே போகல."

"அப்ப அவங்க என்ன சொன்னாங்க?"

"என்னமோ சொன்னாக. நான் நின்னு கேக்கல. படியிறங்கிட்டேன்."

சுந்தரத்தம்மாள் குடிசைக்குள் போகத் திரும்பினார்.

"போய்க் கேட்டுட்டு வாங்க."

சங்கரபாண்டி அன்றே போனார். தெருமுனைவரை போய்த் திரும்பினார். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து மறுபடியும் போனார்.

மதினி கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

சங்கரபாண்டி முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார்.

"அன்னைக்கு நீங்க என்னமோ சொன்னீக மதினி. நான் கேக்காமப் போயிட்டேன்."



"நிமிருங்க," என்றார் மதினி.

நிமிர்ந்தார்.

மதினி அந்த முகத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அவுகதான் போயிட்டாக. இந்த முகத்தையும் ஏன் கொழுந்தனாரே எடுத்துட்டுப் போனீக?"