மக்கிய மரத்துத் தீக்காக்கை

"எப்போது எனக்குத் தீட்சை தருவீங்க, தாயே?"

கோமதிநாயகம் மூன்றாம் முறையாகக் கேட்டார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபது வயது. மலைக்காட்டுக் குடிலில் இருந்த துறவி சடச்சியம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

தனக்கென்று யாரும் இல்லை, எல்லாம் அறுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று வந்த அன்றே சொல்லியிருந்தார்.

சடச்சியம்மை காட்டுக்குள் கை காட்டினாள். ஓடைக்கு அப்பால் மக்கிய மரம் ஒன்று நிற்கிறது, அதன் பொந்தில் தீக்காக்கை என்கிற காட்டுப் பறவை குஞ்சு பொரித்திருக்கிறது, தினமும் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

முதல் நாள் எரிச்சலோடு திரும்பினார். ஆணுக்கு வயிறு செக்கச்சிவப்பாக இருக்குமாம். அவர் கண்டது பழுப்பு முதுகைத்தான். ஆள் வந்தால் அசையாமல் முதுகு காட்டி உட்கார்ந்துகொள்கிற பறவை.

"நாளைக்கும் போங்க, அண்ணாச்சி."

போனார். ஆணும் பெண்ணும் மாறி மாறி இரை கொண்டுவந்தன. புழு, வெட்டுக்கிளி, ஒருமுறை அலகைவிட நீளமான குச்சிப்பூச்சி. அன்று வந்து அதைச் சொல்லிச் சிரித்தார்.

ஆறாம் நாள் அவர் கண்முன்னே வல்லூறு ஒன்று பெண் பறவையை அடித்துத் தூக்கிப் போயிற்று.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் கோடைமழை. ஆண் பறவை ஒற்றையாகத் தொப்பலாக நனைந்து, போவதும் வருவதுமாக இருந்தது. அவருக்கு முதுகு காட்ட அதற்கு நேரமில்லை. பத்தடி தூரத்தில், அந்தச் சிவந்த வயிறு தெரிய வந்து உட்கார்ந்தது. குஞ்சுகளுக்கு ஊட்டியது. பிறகு பொந்துக்குள் நுழைந்து அவற்றின்மேல் படுத்துக்கொண்டது.

மழை விட்டதும் குடிலுக்கு வந்தார். அம்மை துண்டை நீட்டினாள். வாங்கினார், துவட்டிக்கொள்ளவில்லை.

"என்ன பாத்தீங்க?"

அவர் துண்டோடு திண்ணையில் உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரிக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோச்சு, தாயே. ஊட்டிவிட்டாத்தான் சாப்பிடுவா. அவ அண்ணன் வீட்ல விட்டுட்டு, சொல்லாம வந்துட்டேன்."

அம்மை எழுந்து அடுப்பை மூட்டினாள். புளிச்சோறு கிளறி, ஆறவைத்து, வாழையிலையில் கட்டி அவர் கையில் கொடுத்தாள்.

பொட்டலம் கனமாக இருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு பேருக்கு வச்சிருக்கேன், அண்ணாச்சி."