கேள்விப்பட்ட ஆணை

குராசான் நாட்டு ஊர் ஒன்றின் கோட்டை வாசலுக்கு ஒட்டகக்காரன் மைமூன் வந்து சேர்ந்தபோது அவனுக்கு நிற்கக்கூடத் தெம்பில்லை. தோல்பையில் தண்ணீர் தீர்ந்திருந்தது. ஒட்டகத்தின் மேல் அவன் மனைவி ருகையா காய்ச்சலில் துவண்டு கிடந்தாள்.

வாசல் அதிகாரி ஹுமைத் நிழலில் சாய்ந்தபடி வருகிறவர்களையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"இறை மார்க்கத்தை எப்படி அறிந்தாய்? சொந்தப் புத்தியாலா, முன்னோர் சொல்லக் கேட்டா?"

"கேட்டுத்தான், எஜமானே."

"கேள்விப்பட்டது அறிவே ஆகாது! கண்ணால் கண்டதும் புத்தியால் ஆராய்ந்ததும்தான் அறிவு. கேட்டதை நம்பும் உன் கூட்டத்தாருக்கு இங்கே இடமில்லை. திரும்பிப் போ."

திரும்பினால் பாலைவனம். மைமூனுக்குக் கெஞ்சக்கூட அலுப்பாக இருந்தது.

"போகிறேன், எஜமானே. எங்களைத் திருப்பி அனுப்பச் சொன்னது யார்?"

"ஆளுநர்!"

"அவர் சொன்னதைக் கண்ணால் பார்த்தீர்களா?"

"ஆளுநரை நான் எங்கே பார்ப்பது? தூதன் வந்து சொன்னான்."

"அப்போ இதுவும் நீங்கள் கேள்விப்பட்டதுதானே? அது அறிவாகாது என்றால் இந்த ஆணையே கிடையாது. ஆகும் என்றால் நானும் உள்ளே வரலாம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். காவலர்களும் அடக்க முடியாமல் சிரித்தார்கள். கடைசியில் ஹுமைத் வேறெங்கோ பார்த்தபடி, உள்ளே போ என்று கையசைத்தார்.

கிணற்றடியில் தண்ணீர் குடித்த பிறகுதான் ருகையா கண் திறந்தாள்.

"அடுத்த ஊரில் என்ன கேட்பார்களாம்?"

"அங்கே மார்க்கத் தலைவரான இமாம் நேரில் கற்பித்தது மட்டும்தான் அறிவாம்," என்றான் மைமூன், மணலில் கால் நீட்டியபடி. "அதற்கும் ஒரு பதில் யோசிக்கணும். கொஞ்சம் தூங்கிவிட்டு யோசிக்கிறேன்."