விக்ராந்த் சட்டையில் ஒரு பேட்ஜ்

அந்த ராணுவ அகாடமியில் உளவுப் பிரிவுக்கு இருந்தது ஒரே இடம். கேட்டவர்கள் நாற்பது பேர். கடைசியாக நேர்காணலுக்குப் போனாள் கோவில்பட்டி தீப்பெட்டித் தொழிலாளி மகள் செண்பகவல்லி. சேர்ந்த நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டது அந்த ஓரிடத்துக்குத்தான்.

தேர்வு செய்கிறவர் கர்னல் பரமேஸ்வரன். பக்கத்தில் அகாடமித் தலைவர் பிரிகேடியர் உட்கார்ந்திருந்ததால் கர்னலுக்கு அன்று அறிவு கொஞ்சம் கூடுதலாகவே பொங்கியது.

"என் வாயிலேர்ந்து இதுவரைக்கும் ஒரு ரகசியம் கசிஞ்சதில்ல. நீதான் பெரிய உளவாளியாச்சே! எனக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணைச் சொல்லு. சொன்னா இடம் உனக்கே," என்று மீசையை நீவினார்.

"இந்த இடம் உங்க அக்கா மகன் விக்ராந்துக்குன்னு போன வாரமே முடிவாயிடுச்சு சார்."

"திமிரா?" என்று கர்னல் எகிறினார்.

"அவன் புதுச் சட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்க சார்."

பிரிகேடியர் ஆளனுப்பினார். சட்டை வந்தது. தோளில் உளவுப் பிரிவு பேட்ஜ் பளபளத்தது. பாவம், பையனுக்கு அவசரம்.

கர்னலுக்கு முகம் கறுத்துவிட்டது. "எவன் உன்கிட்ட உளறினான்?"

"அதைச் சொல்லிட்டா நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல சார்."

பிரிகேடியர் சிரித்துவிட்டார். "ரகசியத்தைக் காப்பாத்த உங்களுக்குத் தெரியல கர்னல், இந்தப் பொண்ணுக்குத் தெரியுது. இடம் அவளுக்கே. நீங்க கொடுத்த வாக்குதானே?"

சாயந்திரம், அகாடமி டெய்லர் மொய்தீன் பாய் அந்த பேட்ஜைப் பிரித்தெடுத்துச் செண்பகவல்லி சட்டையில் தைத்தார். இந்தத் தடவை ரிசல்ட் வந்த பிறகு.