அழுங்கு வாயை மூடிக்கொண்டது ஏன்?

மிருகங்கள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் அழுங்குக்கும் வாய் நிறையப் பல் இருந்தது. எறும்புதின்னி என்கிறோமே, உடம்பெல்லாம் செதில் மூடிய பிராணி, அதுதான். எந்தக் கிழங்கையும் நறுக்கென்று கடித்துத் தின்னும்.

ஒரு கோடையில் அழுங்குகளின் மலை தீப்பிடித்து எரிந்தது. தப்பியவை கரடி ஆண்ட காட்டுக்கு ஓடிவந்தன. கரடி அவற்றை ஒரு குகையில் தங்கவைத்தது. கொடுத்ததைத் தின்று அங்கேயே கிடந்தன.

கரடிக்குத் தீராத பல்வலி. வைத்தியம் பார்த்தது ஒரு கருமந்தி.

"பல் ஏன் சொத்தையாகிறது என்று தெரிய வேண்டும், தலைவரே. தேனாலா? எவ்வளவு தேனால்? தின்ன வைத்துப் பார்த்தால்தான் தெரியும்."

"யாரைத் தின்ன வைப்பாய்?"

"குகையில் இருக்கிறதுகளை. கொடுப்பதை அதுகள் வேண்டாமென்றா சொல்லப்போகின்றன?"

கரடி கன்னத்தைப் பிடித்துக்கொண்டே தலையாட்டியது.

மறுநாள் குகைக்குத் தேன்பாகு உருண்டைகள் வந்தன. பாதி அழுங்குகளுக்குச் சாப்பாட்டோடு ஒன்று. மீதிப் பாதிக்கு, பல்லில் ஒட்டுகிற மாதிரி இறுகக் காய்ச்சிய உருண்டைகள், நாள் முழுக்க. "தலைவர் அன்பாக அனுப்பியது" என்றது மந்தி. குட்டிகள் குதித்தன. அமாவாசைதோறும் மந்தி வந்து எல்லார் வாயையும் திறந்து பார்த்து, மரப்பட்டையில் கீறி வைத்துக்கொண்டது.

கூடலி என்ற தாய் அழுங்கின் குட்டிக்குக் கிடைத்தது ஒட்டுகிற உருண்டை. அதன் பற்கள் கறுத்தன. வலியில் கத்தியது.

"ஏன் வைத்தியரே இப்படி?"

"வளரும்போது அப்படித்தான். உருண்டையை நிறுத்திவிடாதே."

இரண்டு வருஷம் கழித்து மந்தி காட்டு மிருகங்களையெல்லாம் கூட்டியது. "கண்டுபிடித்துவிட்டேன்! எவ்வளவு இனிப்பு என்பதைவிட, எத்தனை தடவை, எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டியிருக்கிறது என்பதுதான் முக்கியம். சாப்பாட்டோடு தேன் குடியுங்கள், தலைவரே. உடனே ஓடையில் வாய் கொப்பளியுங்கள்."

காடே ஆரவாரித்தது. கூடலி நடுவில் வந்து நின்றது.

"இது உமக்கு எப்போது தெரிந்தது?"

"நாலாம் மாதமே சந்தேகம்தான். உறுதிப்படுத்த வேண்டாமா?"

"நாலாம் மாதம் என் பிள்ளைக்கு இரண்டு பல்தான் போயிருந்தது. இப்போது ஒன்றுகூட இல்லை. எங்களில் ஒருத்தரையாவது கேட்டீரா?"

"கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாயா?"

"மாட்டேன். அது தெரிந்துதானே கேட்காமல் விட்டீர்!"

கரடி சங்கடத்தோடு ஒரு தேனடையைக் கூடலியின் முன்னால் தள்ளியது. கூடலி அதைத் தொடவில்லை. பாறையில் தாடையை மோதி மோதி, மிச்சமிருந்த தன் பற்களை உதிர்த்து, மந்தியின் மரப்பட்டைமேல் துப்பியது.

"இதையும் கீறிக்கொள். எங்கள் வாயில் இனி எவன் கையும் படாது!"

குட்டியை வயிற்றோடு அணைத்துப் பந்தாய்ச் சுருண்டது. மற்ற அழுங்குகளும் பற்களைத் துப்பிவிட்டுச் சுருண்டன. கரடி தன் பலம் முழுவதும் போட்டு இழுத்துப் பார்த்தது. ஒரு செதிலைக்கூட நிமிர்த்த முடியவில்லை.

பல்லில்லாத வாயால் எறும்பை நக்கித் தின்கிற அழுங்கு, யார் கிட்டே போனாலும் முகத்தை வயிற்றில் புதைத்துச் சுருண்டுகொள்கிறதே, அது அன்றைக்குத் தொடங்கியதுதான்.