பாதி அடி

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டுக் குதிரைகள் எல்லாம் நோயில் மடிந்துபோயின. தச்சர்கள் அடுப்பு வண்டி செய்தார்கள். விறகு எரிந்தால் வண்டி ஓடும். தலைநகரைப் புகை மூடியது. குழந்தைகள் இருமின.

ராஜாவுக்கு ஒரு யோசனை உதித்தது. "இனி எந்த வண்டியும் ஒரு காதம் போகப் பாதி விறகுதான் எரிக்க வேண்டும்!"

மந்திரி காளிங்கராயர் தச்சர்களை விரட்டி அப்படியே செய்ய வைத்தார். விறகுச் செலவு குறைந்ததும், நடந்து போனவர்களும் வண்டி வாங்கினார்கள். குளத்துக்கு வண்டி. அடுத்த தெருவுக்கு வண்டி.

"புகை பாதியாகிவிட்டது. இல்லை என்பவன் ராஜத்துரோகி," என்று சபையில் அறிவித்த மந்திரி, விகடகவியின் பக்கம் திரும்பினார். "வெண்காடன் என்ன சொல்கிறான்?"

'குறையவில்லை' என்று சொன்ன குயவன் சவுக்கடி பட்டு இன்னும் குப்புறத்தான் படுத்திருக்கிறான். பொய் சொல்லிவிடலாம் என்று வெண்காடன் வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

"இருமியே பதில் சொல்லிவிட்டான், மகாராஜா!" என்றார் மந்திரி.

"சவுக்கு வரட்டும்," என்றார் ராஜா.

சவுக்குக்காரன் வந்து வாரைத் தண்ணீரில் நனைத்தான். வெண்காடன் ராஜாவின் காலில் விழுந்தான்.

"மகாராஜா, ஒரே ஒரு வரம். அடியும் தங்கள் சட்டப்படியே விழட்டும். ஒவ்வோர் அடியும் பாதி வேகம். எத்தனை அடி என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது."

"பைத்தியக்காரா, செத்துப்போவாயே!" என்றார் ராஜா.

"எப்படிச் சாவேன்? அடிதான் பாதியாகிவிட்டதே. சந்தேகமிருந்தால் முதலில் மந்திரியார் முதுகில் பார்த்துக்கொள்ளலாம். புகை பாதியானதைக் கண்டவர் அவர்தானே."

ராஜாவுக்கு ஆவல் வந்துவிட்டது. தலையசைத்தார்.

பாதி அடி விழுந்தது. மந்திரி புன்னகைத்தார். மறுபடி விழுந்தது. மறுபடியும். புன்னகை போயிற்று. சவுக்குக்காரன் நிறுத்தவில்லை, அவனுக்கு யாரும் எண்ணிக்கை சொல்லவில்லை.

"ஐயோ! எத்தனை என்று ஒரு கணக்கு வேண்டாமா?" என்று அலறினார் மந்திரி.

"வண்டிக்கு?" என்றான் வெண்காடன். குரல் அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

சவுக்கு இனித் தன் பக்கம் திரும்பும் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

வந்தது ராஜாவின் சிரிப்பு.

"அடேய்! என் சட்டம் தப்பில்லை, அரைகுறை என்கிறாய். சரி, இனி ஊரில் ஓடும் வண்டிகளுக்கும் கணக்கு உண்டு!" சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. "இவனுக்குப் பரிசு கொடுங்கள். புத்தம்புது அடுப்பு வண்டி ஒன்று!"

வேண்டாம் என்று சொல்ல வெண்காடனுக்குத் தைரியம் இல்லை. கும்பிட்டு வாங்கிக்கொண்டான். அடுப்பை மூட்டாமல், வீடு வரை அதைத் தள்ளிக்கொண்டே போனான்.