சக்கரத்துக்கு வைத்த கல்

கோத்தகிரியில் தேயிலை ஃபேக்டரி வைத்திருந்த வேதாசலத்தின் பழைய ஆட்டோமேட்டிக் காருக்கு ஒரு வியாதி. கியர் லீவர் பார்க்கிங்கில் நிற்கும், கார் நிற்காது. லீவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கம்பி இடம் பிசகியிருந்தது. ஹேண்ட் பிரேக்கும் அரைகுறை. அதனால் டிரைவர் போஜன் மேட்டில் நிறுத்தும்போதெல்லாம் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பான்.

அன்று வேதாசலத்தின் வீட்டுக்கு அவருடைய சம்பந்தி வந்திருந்தார். வாசல் மேட்டில் நின்ற காருக்கு வைத்திருந்த கல்லைப் பார்த்ததும் வேதாசலம் தாம் தூமென்று குதித்தார்.

"லாரிக்கு வைக்கிற மாதிரி என் காருக்குக் கல்லா? எடுடா!"

"ஒரு மணி நேரம் குடுங்க முதலாளி, கம்பியைச் சரி பண்ணிடறேன்."

"ஃபாரின் வண்டிடா இது! இதுல கோளாறே வராது. கல் இல்லாம நிக்கும். நிக்கலேன்னா உனக்கு இங்க வேலை இல்ல!"

போஜன் தலையைச் சொறிந்தான். பிறகு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, காருக்கு நேர் பின்னால் சரிவில் போட்டான்.

"நீங்க சொன்னா நிக்கும் முதலாளி. இதுல உக்காந்து காப்பி குடிங்க. நான் கல்லை எடுத்துடறேன்."

சம்பந்தி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் வேதாசலம் காப்பி டம்ளரோடு உட்கார்ந்தார். போஜன் குனிந்து கல்லில் கை வைத்தான். அசைக்கக்கூட இல்லை.

"ஐயோ! எடுக்காதடா பாவி!"

காப்பி எகிற, முதலாளி ஒரே தாவாகத் தாவிச் சம்பந்தியின் மேல் விழுந்தார். கார் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இப்ப எதை எடுக்கட்டும் முதலாளி? கல்லையா, ஸ்பேனரையா?"

அடியில் கிடந்த சம்பந்திதான் பதில் சொன்னார்.

"ஸ்பேனரை எடுப்பா!"