கம்ப்யூட்டருக்கு ஒத்துக்கொள்ளாத மாமனார்

கோணக்குளத்தில் அழகுசுந்தரம் ஒரு அச்சுக்கடை வைத்திருந்தான். கூட்டாளிகள் தங்கமாரி, பிச்சையா. மூன்று பேரும் ஒன்றாக யோசித்தால் மூன்று மடங்கு தப்பாக யோசிப்பார்கள். அவ்வளவு ஒற்றுமை!

அழகுசுந்தரத்துக்கே கல்யாணம் கூடிவந்தது. பெண்ணின் அப்பா ஆறுமுகநயினார் கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்திரிகை என் கையில இருக்கணும். சொந்தக் கல்யாணப் பத்திரிகையை அடிக்கத் துப்பில்லாதவனுக்கு என் பொண்ணு கிடையாது."

பயல் ஆடிப்போய்விட்டான். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று வெள்ளிக்கிழமை காலையில் கம்ப்யூட்டருக்குப் புது ரேம் வாங்கி மாட்டினான். புதுசு மாட்டினால் பூஜை போட வேண்டாமா? சந்தனம், குங்குமம் எல்லாம் ஆயிற்று. பெட்டிக்குப் பின்னால் சூடான காற்று வருகிற ஓட்டை பார்க்க மூளியாக இருந்தது. அதை மறைத்துத் தடியாக ஒரு செவ்வந்தி மாலை சாத்தினார்கள்.

கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு பிச்சையா டீ குடித்து வந்தான். எழுத்து இன்னும் வரவில்லை.

மெக்கானிக் செல்வினுக்குப் போன் போட்டார்கள். "புதுசா வந்ததை ஒவ்வொண்ணா வெளியே எடுங்க. ஒவ்வொரு தடவையும் வேகம் வருதான்னு பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ரேமை எடுத்தார்கள். வேகம் வரவில்லை. திரும்ப மாட்டினார்கள். புதுக் காலண்டரை எடுத்தார்கள். புதுத் துடைப்பத்தை எடுத்தார்கள். அழகுசுந்தரம் தன் புதுச் சட்டையையே கழற்றினான்.

"மாலை?" என்றான் தங்கமாரி.

"ஏலே, பூ நேத்துப் பறிச்சது. அது பழசு" என்றான் பிச்சையா.

அந்த நேரம் பார்த்து ஆறுமுகநயினார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "பத்திரிகை எங்கே மாப்பிள்ளை? சட்டை எங்கே?"

பிச்சையா கிசுகிசுத்தான்: "ஏலே, இந்தக் கடைக்கு இவரும் புதுசுதான்!"

"காலையிலேயே கம்ப்யூட்டர் படுத்துட்டுதே. இவரு இப்பத்தானே வந்தாரு?" என்றான் தங்கமாரி.

"வரப்போறாருன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

மூவருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆனால் மாமனாரை மரியாதை இல்லாமல் வெளியேற்றலாமா? கம்ப்யூட்டர் பெட்டியில் சாத்தியிருந்த மாலையை உருவி அவர் கழுத்தில் போட்டு, நாற்காலியோடு தூக்கித் தெருவில் வைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் பறந்தது! "பார்த்தியாலே, மாமாதான்!" என்று அழகுசுந்தரம் குதித்தான்.

தெருவில் போனவர்கள் மாலையைப் பார்த்துக் கும்பிட்டதில் அவருக்கும் கோபம் போய்விட்டது. இருட்டுவதற்குள் ஐந்நூறு பத்திரிகையும் அவர் மடியில் இருந்தது. "கெட்டிக்காரன்தான்!" என்று ஒன்றைப் பிரித்து வாசித்தார். கடைசி வரி இப்படி இருந்தது:

"குறிப்பு: முகூர்த்தம் தாமதமாகாமல் இருக்க, பெண்ணின் தகப்பனார் மண்டபத்துக்கு வெளியே அமருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். மாலை உண்டு."